திறந்து பார்க்காத கம்பிக் கதவு

ஸ்ரீதேவிக்குச் சொந்த ஊர் நகரி பக்கம். திருப்பதியில் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, சித்தூர் சாலையில் இருக்கும் ஒரு சின்ன நகராட்சியின் வார்டு சச்சிவாலயம் என்கிற வார்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். குழாய் உடைந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் அவளுக்குத்தான் போன் வரும். நகராட்சி கட்டிக்கொடுத்த குடியிருப்புகளில் தீப்பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பதும் அவள் வேலை.

அந்த மார்ச் மாதம் பதினோரு பிளாக்கை இரண்டே நாளில் பார்த்து முடிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும் போனில் ஒரு படிவம், முப்பது கேள்வி. துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கும் டி பிளாக்குக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. மூன்று மாடிக் கட்டடம். முன்னால் ஒரு படிக்கட்டு, பின்னால் ஒன்று. பின் படிக்கட்டின் அடியில் இருந்த கம்பிக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

"ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

கீழ்வீட்டு மாசிலாமணி ஓடிவந்தார். அவர்தான் பிளாக் சங்கச் செயலாளர். "ரெண்டு வண்டி திருடு போச்சு மேடம். அதான் பூட்டி வெச்சிக்கினு இருக்கோம். சாவி நம்ம வூட்லதான் இருக்குது. கூப்ட்டா ஒரு நிமிஷத்துல தொறந்துடுவேன்."

"இப்பத் தொறந்து காட்டுங்களேன்."

"வசதிப்படாதே மேடம், வூட்ல சாவிய எடுத்துக்கினு கடைக்குப் போயிருக்காங்க. பர்வாலேது, நான் பாத்துக்கறேன், நீங்க போங்க."

இன்னும் நான்கு பிளாக் பாக்கி இருந்தது. அவள் கதவைப் போட்டோ எடுத்தாள். 'அவசர வழி சரியாக உள்ளதா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று தொட்டுவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, முன் படிக்கட்டின் அடியில் சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வெடித்துத் தீப்பிடித்தது. படிக்கட்டு வழியே கரும்புகை மேலே ஏறியது. பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் புகை அடர்வதற்குள் முன்வழியாகவே இறங்கி ஓடிவிட்டார்கள். மூன்றாம் மாடியில் வசந்தாவும் அவள் கணவன் ஏழுமலையும் மாட்டிக்கொண்டார்கள். குப்பை லாரியிலிருந்து விழுந்ததிலிருந்து ஏழுமலைக்கு ஒரு கால் சுத்தமாக வராது. வசந்தா அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறக்கிக் கீழே வந்தாள். கதவு பூட்டியிருந்தது. சாவியோடு மாசிலாமணி அன்றைக்குச் சித்தூருக்குப் போயிருந்தார்.

பக்கத்து பிளாக் கேசவன் கடப்பாரையோடு வந்து பூட்டை உடைக்கப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் புகை அங்கேயும் வந்துவிட்டது. யாரும் சாகவில்லை. ஏழுமலை மட்டும் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு கிடந்தார்.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் ஸ்ரீதேவியின் மேலதிகாரி வேங்கடாசலம் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். "நீ போன அன்னிக்குக் கதவு தொறந்து இருந்துச்சின்னு சொல்லிடும்மா. அப்புறம் அவங்க பூட்டிக்கினாங்க. உனக்கு ஏமீ காது, ஒண்ணும் ஆவாது."

அப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். போட்டோகூடத் தூரத்திலிருந்து எடுத்ததுதான், பூட்டு தெளிவாகத் தெரியாது. அன்று மதியம் டப்பாவைத் திறந்தவள் சாப்பிடாமலே மூடிவிட்டாள்.

விசாரணை அறையில் மாசிலாமணி ஒரு மூலையில் நின்றிருந்தார். டி பிளாக்காரர்கள் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். விசாரணை நடத்திய அதிகாரி, ஸ்ரீதேவியின் பக்கம் திரும்பினார். அரசு விசாரணை என்பதால் அவள் தெலுங்கில்தான் பதில் சொன்னாள். "அன்னைக்கும் பூட்டித்தான் இருந்தது சார். திறக்கச் சொன்னேன், சாவி இல்லைன்னாங்க. திறந்து பார்க்காமலே சரின்னு போட்டுட்டேன்."

மாசிலாமணி அப்போதுதான் வாயைத் திறந்தார். "பூட்டு போட்டது நான்தான் சார்."

அவளுக்கு மெமோ வந்தது. ஒரு வருஷ இன்கிரிமென்ட் நின்றது. "வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் இல்ல?" என்று வீட்டில் கணவன் பவன்குமார் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனே தட்டில் சோற்றைப் போட்டு எடுத்து வந்து, "சரி, துன்னு" என்றான்.

ஏழுமலை வீடு திரும்பிய பிறகு ஸ்ரீதேவி பார்க்கப் போனாள். வசந்தா கதவை விட்டு நகரவில்லை.

"சரியா கீதுன்னு எழுதிட்டுப் போனது நீதானா?"

"ஆமாக்கா."

"மூணு மாடி அவரத் தூக்கிக்கினு எறங்கினேன். அந்தப் பூட்டு மேல கை பட்டப்ப இதோட முடிஞ்சிதுன்னு நெனச்சேன். தெரியுமா உனக்கு?"

ஸ்ரீதேவிக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளேயிருந்து ஏழுமலை இருமிக்கொண்டே, "வந்த பொண்ண நிக்க வெச்சிக்கினு இன்னா பேச்சு? உள்ள கூப்டு" என்றார். அவள் உட்கார்ந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மறுபடி இப்படி ஆச்சின்னா நான் எப்பிடிம்மா எறங்கறது?"

கீழ்வீடு ஒன்றை அவருக்கு மாற்றித்தர ஸ்ரீதேவி மனு எழுதினாள். கீழே இருந்த நான்கு வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். மூன்று வீட்டில் முடியாது என்றார்கள். நான்காவது மாசிலாமணி வீடு. அவள் வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "எங்க வூட்டக் குடுத்துடுங்க மேடம். நாங்க மேல போறோம்."

"எனக்கு மட்டும் முட்டி வலி இல்லியா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சத்தம் போட்டாள். ஆனாலும் ஏழு வாரம் கழித்து உத்தரவு வந்த அன்று பாத்திரங்களைச் சாக்கில் கட்டியது அந்த அம்மாள்தான்.

வண்டி சார்ஜ் போட மதில் ஓரமாகத் தனிக் கொட்டகை போட்டார்கள். கம்பிக் கதவில் பூட்டுக்குப் பதிலாக, உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள் வைத்தார்கள். அடுத்த வருஷம் பதினோரு பிளாக்குக்கும் ஸ்ரீதேவி ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கதவையும் அவளே தள்ளிப் பார்த்தாள். தாமதம் என்று வேங்கடாசலம் இரண்டு தடவை போன் செய்துவிட்டு அப்புறம் விட்டுவிட்டார்.

வசந்தா இன்னும் மாசிலாமணியோடு பேசுவதில்லை. ஏழுமலை பேசுகிறார். சாயங்காலத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மூன்றாம் மாடியைப் பார்த்து, "இன்னா செயலாளரே, எறங்கி வர்றியா?" என்று கூப்பிடுகிறார். மாசிலாமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வருகிறார்.