கருகிய செங்கல் பதித்த கோயில்

எங்கள் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே நின்ற வட்டமான கொங்கிரீட் கட்டடத்தை, இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நெல் மில் என்றே நம்பியிருந்தேன். ஊரில் உள்ளவர்கள் சிரிக்காதீர்கள். கோபுரமோ சுரூபமோ வெளியே எதுவுமில்லை. ஒரு ஞாயிறு அதற்குள்ளிருந்து புளோரா அக்கா வந்தபோதுதான் அது கத்தோலிக்கக் கோயில் என்று தெரிந்தது. அவர் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கல்முனைக்காரர், இங்கே தாதி.

"தம்பி, நீங்க ஊரில தமிழ் மாஸ்டர்தானே? கோயிலுக்கு யூபிலி விழா வருது. அதுட சரித்திரத்தத் தமிழில எழுதித் தாங்களன்."

"அக்கா, நான் முஸ்லிம்."

"அது எனக்குத் தெரியாதா? எனக்குப் பிழையில்லாம எழுதுற ஆள்தான் வேணும்."

அவர் என்னைப் பாதரிடம் கூட்டிப்போனார். எந்தப் பங்கு, அதாவது எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று பாதர் ஆங்கிலத்தில் கேட்டார். ஊரைக் கேட்கிறார் என்று எண்ணி, "சாய்ந்தமருது" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"செயின்ட் அமருதுவா? அந்தப் புனிதரை நான் அறியேனே!"

புளோரா அக்கா சிரிப்புத் தாங்காமல் படியில் உட்கார்ந்துவிட்டார். அது பள்ளிவாசல்கள் நிறைந்த ஊர் என்று நான் விளக்கியதும், எங்களைவிட அதிகம் சிரித்தவர் பாதர்தான்.

உள்ளே ஒரு தூண்கூட இல்லை. நடுவில் பீடம், அதைச் சுற்றி வட்டமாக இருக்கைகள். சுவருக்கும் கூரைக்கும் இடையே ஓடிய நீலக் கண்ணாடியால் கூரை அந்தரத்தில் நிற்பதுபோலிருந்தது. முன்பு இங்கிருந்த பழைய கோயிலில் தூணுக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பீடமே தெரியாதாம். அது இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து எரிந்துபோனது. இதைக் கட்டியபோது, இடிபாட்டில் உடையாமல் கிடந்த செங்கற்களைச் சனங்களே பொறுக்கி வந்து வாசல் சுவரில் பதித்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தேன். இன்னும் கருப்புத்தான்.

சுனாமிக்குப் பிறகு, எங்கள் வீடு இருந்த இடத்தில் வாப்பா குந்தியிருந்து, கற்களில் ஒட்டிய சாந்தை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். "புதுக் கல்லு வாங்குவமே வாப்பா" என்றேன். "இதுவும் நம்மட ஊடுதான் மகன்" என்றார்.

வேறு யாருடையதோ சரித்திரத்தை எழுதப்போகிறேன் என்ற கூச்சம் அந்தச் சுவரடியில் போய்விட்டது. அன்று பின்னேரமே எழுதத் தொடங்கினேன்.

யூபிலி நாளில் அதை நானே வாசித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும், சிறுமியாக அந்தக் கற்களைச் சுமந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், ஒரு சொல்லும் விளங்காமலே என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

அஸர் தொழுகை நேரமாயிற்று. பாதர் பக்கத்து அறையில் கதிரைகளை ஒதுக்கி இடம் தந்தார். என் கோட்டை விரித்துத் தக்பீர் கட்டினேன். சுவருக்கு அப்பால் புளோரா அக்காவின் குரலில் மாதா பாட்டு எழுந்தது, அச்சொட்டாக எங்கள் கரைத் தமிழில். முகம் தொழும் திசையான கிப்லாவை நோக்கியிருந்தது. காது கல்முனைக்குப் போய்விட்டது.