அக்காவின் ஓடிபியைத் தேடி 64 கிலோமீட்டர்

போனை அணைத்துப் பைக்குள் போட்டபிறகுதான் பயணம் தொடங்குகிறது என்று இந்தப் பயணப் பக்கத்தில் எத்தனையோ முறை பீற்றியிருக்கிறேன். சென்ற செவ்வாயன்று ஒரு போனைத் தேடியே பயணம் போனேன்.

என் அக்கா செல்வி, நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள். பித்தப்பையில் கல், கூடவே காய்ச்சல். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பன்னிரண்டு மணிக்கு அறுவைச் சிகிச்சை. போன வருடம் வேறொரு மருத்துவமனையில் ஏதோ ஊசி போட்டு முகம் வீங்கி, மூச்சு அடைத்து, பிழைத்ததே பெரிது. எந்த ஊசி? சீட்டு தொலைந்துவிட்டது. அங்கே கேட்டால், "எல்லாம் அவங்க ஆன்லைன் மருத்துவக் கணக்குல ஏத்தியாச்சுங்க, ஓடிபி போட்டுப் பாருங்க" என்றார்கள்.

நர்ஸ் போட்டுப் பார்த்தார். ஓடிபி அக்காவின் போனுக்கு வரவில்லை. திரையில் தெரிந்த கடைசி நான்கு எண்களைப் பார்த்த அக்கா, "அது எங்க சூப்பர்வைசர் குமரேசன் நம்பராச்சே" என்றாள். எண்ணை மாற்றவும் அதே எண்ணுக்குத்தான் ஓடிபி போகுமாம். நல்லா இருக்கு நியாயம்!

குமரேசனுக்குப் பதினேழு முறை அடித்தேன். எடுக்கவில்லை. டாக்டர், "தள்ளிப்போட முடியாது. பதினொன்றரை வரை பார்ப்பேன்" என்றார்.

8.10க்குப் பைக்கை எடுத்தேன். மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் எதுவும் கண்ணில் தங்கவில்லை. நாமக்கல் 55 கி.மீ., அங்கிருந்து மோகனூர் சாலையில் 9 கி.மீ. பெட்ரோல் 200 ரூபாய்க்குப் போட்டேன். வழியில் டீ கூடக் குடிக்கவில்லை.

9.50க்குப் பண்ணை கேட். வாட்ச்மேன் மேசையில் அட்டை அட்டையாய் முட்டைத் தட்டுகள்; குழிக்கு ஒன்றாகப் போன்கள் சொருகியிருந்தன. குமரேசனின் போனும் அங்கேதான், என் பதினேழு அழைப்புகளோடு.

"உள்ள போன் கொண்டுட்டுப் போகக் கூடாதுங்க. கோழிக்கு நோய் வந்துருமுங்க."

"நான் உள்ளே போய்க் கூப்பிடட்டுமா?"

"குளிச்சிட்டு வந்தாலும் வெளியாளுக உள்ள போகமுடியாதுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "எங்கக்கா சாகக் கெடக்குறாய்யா!" என்று கத்திவிட்டேன். அவர் எழுந்துபோய், லோடு லாரிக்கு மட்டும் அடிக்கும் மணியை அடித்தார்.

10.25க்குக் குமரேசன் ஓடிவந்தார். "ஏனுங்க, செல்வியக்காளுக்கா? மருத்துவக் கணக்கு தொடங்குன கேம்ப் அன்னைக்கு எல்லாரும் ஷெட்டுல வேலையா இருந்தாங்க, போனெல்லாம் இங்க கெடந்துச்சுங்க. நான் மட்டும் வெளிய நின்னேன். இருவத்தாறு பேருக்கும் என்ற நம்பரையே குடுத்துப்போட்டனுங்க."

நர்ஸை அழைத்தேன். முதலில் படித்த எண் காலையில் வந்த பழையது, ஏற்கவில்லை. நர்ஸ் மறுபடி அனுப்பச் செய்தார். புதியதைக் குமரேசனே நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். சிறிது நேரத்தில் டாக்டர் லைனில் வந்தார்.

"அதே ஊசியைத்தாங்க இன்னைக்கு எழுதி வச்சிருந்தேன். அதைக் கோடு போட்டு அடிச்சிட்டேன். வேற போடறோம்."

வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, வுடுங்க" என்றார்.

அக்கா இப்போது நலம். ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: கிளம்பும் முன் வீட்டில் உள்ளவர்களின் மருத்துவக் கணக்கு யார் எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வாத மருந்தின் பெயரைக் காகிதத்திலும் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

மறுநாளே குமரேசனின் ஓடிபி உதவியோடு எண்ணை மாற்றினோம். அக்காவின் எண்ணைக் கொடுக்கப் போனேன், தடுத்துவிட்டாள்.

"என் போன் பகலெல்லாம் தட்டுலதான் கெடக்கும் சாமி. உன் நம்பரையே குடு. நீதான் எப்பவும் வெளிய சுத்துற ஆளாச்சே."

கொடுத்துவிட்டேன். இந்த வாரம் கொல்லிமலை போவதாக இருந்தேன். மேலே பல வளைவுகளில் டவர் கிடைக்காது. பையைக் கட்டி மூன்று நாளாகிறது, இன்னும் கிளம்பவில்லை.