பத்துச் சுற்று

ஸ்பிரிங் சீட் என்றால் மெத்தையைப் போல் அமுங்க வேண்டும் என்ற நம்பிக்கை பூந்தமல்லி முதல் பாடி வரை பரவிக் கிடக்கிறது. மனித குலத்தின் முதுகெலும்பை முன்னிட்டு இதை நான் மறுத்தாக வேண்டும். அமுங்குவது அதன் வேலை அல்ல. உட்காருகிறவரின் எடையைத் தாங்கிக்கொண்டு, மேலுக்கும் கீழுக்கும் நடுவில் நிற்பதே அதன் வேலை. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சீட் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பள்ளத்துக்குப் பள்ளம் இரும்பில் இரும்பு இடிக்கும், அந்த இடி நேராக இடுப்புக்குப் போகும். அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்தால் சீட் உச்சியில் விறைத்து நிற்கும். அதற்குச் செங்கல்லையே வைத்திருக்கலாம். இதற்காகத்தான் தொடைக்குக் கீழே முன்பக்கம் ஒரு குமிழ் இருக்கிறது. வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் திருகினால் தளரும். அவரவர் எடைக்கு அவரவர் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இந்த சீட்டுகளைப் பொருத்துகிறவன். பொருத்திய பாவத்துக்காகப் பிறகும் போய்ப் பார்க்கிறவன். லிஃப்டோ இன்வெர்ட்டரோ ஏதோ ஒன்றைப் பொருத்திவிட்டு வந்து, மறுநாள் காலை போன் மணி அடித்தாலே அதைத் தலையணைக்கு அடியில் தள்ளுகிற சகோதரர்களே, இது உங்களுக்காக.

எடை கேட்டது

பூந்தமல்லிக்கு வெளியே ஒரு பஸ் ஷெட். கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்கும் எட்டு பஸ்கள். அதில் ஒன்றுக்குப் புது சீட் போட்டோம். அந்த பஸ்ஸை இரண்டு பேர் ஓட்டுகிறார்கள். விடிந்ததிலிருந்து மதியம் இரண்டு மணி வரை ஏழுமலை. அதற்குப் பிறகு மோசஸ். ஏழுமலை முத்தாபுதுப்பேட்டைக்காரர், நெட்டை, ஒல்லி, இருபத்திரண்டு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவர். மோசஸ் பாடிக்காரர், அவர் படியில் கால் வைத்தால் பஸ் அந்தப் பக்கம் தலை வணங்கும்.

இருவரிடமும் எடை கேட்டேன். ஜாதகம் கேட்டதைப் போல முழித்தார்கள். கடைசியில் மோசஸ் நூறு என்றார், ஏழுமலை எழுபது என்றார். வித்தியாசம் முப்பது. குமிழின் ஒரு சுற்று மூன்று கிலோ. எடையைக் காட்டும் அளவுகோல் சீட்டுக்கு அடியில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்தால்தான் தெரியும். அதனால் மோசஸை உட்கார வைத்து நூறில் நிறுத்திவிட்டு, இருவருக்கும் எளிய வழி சொல்லிக்கொடுத்தேன்: ஆள் மாறும்போது பத்துச் சுற்று. மோசஸுக்கு வலப்பக்கம், ஏழுமலைக்கு இடப்பக்கம். மோசஸ் தலையாட்டினார். ஏழுமலை என்னைத் தனியாக ஓரம் கட்டினார்.

"நூறுன்னு அவன் சொன்னான், நீயும் எழுதிக்கினே. தராசுல ஏத்திப் பாத்தியா சார்?"

இடுப்பு

நாலாம் நாள் போன். ஏழுமலைக்கு இடுப்பு போய்விட்டதாம். காலைப் பத்து மணிக்குப் போனேன். மனிதர் பஸ்ஸிலிருந்து பக்கவாட்டில், நண்டு இறங்குவதுபோல் இறங்கினார். மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் அளவுகோலில் நாற்பது. ஏழாம் வகுப்புப் பையனுக்கு வைக்கிற அளவு. எழுபது கிலோ ஆள் அதில் உட்கார்ந்தால் சீட் தரையைத் தொட்டுத்தான் நிற்கும்.

"எத்தனை சுற்று திருகினீங்க?" என்றேன்.

"பத்து. நீ சொன்னா மாதிரி. வாய்விட்டு எண்ணித்தான் திருகுறேன்."

பத்துச் சுற்றில் நாற்பதுக்கு இறங்காது. வேறு ஒரு கை பட்டிருக்கிறது. எழுபதில் வைத்துவிட்டு, வேறு யார் இதைத் தொடுவார்கள் என்று கேட்டேன். ஏழுமலைக்கும் மோசஸுக்கும் ஒரு லீவு விஷயத்தில் மனஸ்தாபம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நான் வண்டிய வுட்டுட்டுப் போவசொல்லோ என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கிறான் சார், அந்த சிரிப்பத்தான் நான் நம்பல."

செங்கல்

இரண்டு நாள் கழித்து மோசஸ் கூப்பிட்டார். சீட் கல்லாகிவிட்டதாம். மாலை நாலு மணிக்குப் போனேன். அளவுகோல் நூற்று முப்பதில் நின்றது. மோசஸ் உண்மையிலேயே செங்கல்மேல்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் பத்துச் சுற்றுதான் திருகினாராம், ஒன்று கூடக் கிடையாதாம், வேளாங்கண்ணி மாதாமேல் சத்தியமாம்.

நூறில் வைத்தேன். துப்பறியும் புத்தி எனக்குள் விழித்துக்கொண்டது. முதலில் ஏழுமலையை மோசஸ் கவிழ்த்தார். இப்போது மோசஸை ஏழுமலை பழிவாங்குகிறார். கணக்கு சுத்தமாக இருந்தது. கிளம்பும்போது மோசஸ் படியில் நின்றுகொண்டு, யார் காதிலும் விழாதபடி குனிந்து சொன்னார்.

"அண்ணாத்தே மேல நான் பழி போடல சார், ஆனா குமிழுக்குக் கை மொளச்சு அதுவா திருகிக்காது பாரு."

வெள்ளைக் கோடு

மறுபடியும் ஏழுமலை. மறுபடியும் நாற்பது. இந்த முறை ஒரு சின்ன டப்பாவில் வெள்ளை பெயின்ட் கொண்டுபோயிருந்தேன். சீட்டை எழுபதில் வைத்து, குமிழின் மேல் ஒரு கோடு போட்டேன். யாராவது திருகினால் கோடு நகர்ந்து காட்டிக்கொடுக்கும். தினமும் திருக வேண்டிய குமிழில் கோடு போட்டால் அது தினமும் நகரத்தான் செய்யும் என்பது எனக்குத் திரும்பி வரும் வழியில், பாடி மேம்பாலத்தின் மேல் உறைத்தது.

அதற்கு முன்பே பஸ் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். மேஜைமேல் ஏழுமலைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு கிடந்தது. ஏழுமலை லேசான டியூட்டிக்காக நடிக்கிறார் என்பது அவர் முடிவு. நடிப்பு இல்லை, வலி நிஜம் என்றால் இன்னும் மோசம். இடுப்பு போன ஆளிடம் ஐம்பது பேரை ஒப்படைக்க முடியாது. புது டிரைவருக்குச் சொல்லிவிட்டார், திங்கட்கிழமை வருகிறார். வெளியே ஏழுமலை டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். ஐந்தாறு முறை ஒரே டயரைத் தட்டினார்.

"ஸ்பிரிங் சீட்டில் கோளாறு இல்லை, யாரோ திருகுகிறார்கள்" என்றேன்.

முதலாளி டாக்டர் சீட்டை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"அவன் பொய் சொல்லணும், இல்ல மோசஸ் பொய் சொல்லணும், இல்ல அடிக்கடி இங்க வரணும்னு நீங்களே எதையோ லூசா வுட்டுட்டுப் போவணும்."

கடைசி வரிசை

சனிக்கிழமை. என் நேர்மைக்கே சோதனை என்பதால் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒன்றேமுக்காலுக்கு ஏழுமலை பஸ்ஸை ஷெட்டுக்குள் கொண்டுவந்து, முன்கதவு வழியாகக் கடைசிப் பயணிகளை இறக்கும் நேரத்தில் நான் பின்கதவு வழியாக ஏறி, கடைசி வரிசையில் படுத்துக்கொண்டேன். ஐம்பத்தோரு வயதில் செய்யக்கூடிய காரியம் அல்ல.

பஸ் காலியானது. ஏழுமலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். குனிந்து, முனகிக்கொண்டே குமிழைத் திருகினார். வலப்பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, பத்து. ஆள் மாட்டினார் என்று நினைத்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு ஏற்பட்டிருந்த இரக்கத்தையெல்லாம் அந்த நிமிஷமே திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அவர் இறங்கியதும் மோசஸ் ஏறினார். தண்ணீர் பாட்டிலை வைத்தார். குனிந்தார். அவரும் வலப்பக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, பத்து.

நான் எழுந்து நின்றேன். மோசஸ் "ஏசப்பா!" என்று அலறியதில் ஏழுமலை ஓடிவந்தார், பின்னாலேயே முதலாளியும்.

"இறங்கும்போது எதுக்குத் திருகினீங்க?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"நீதானே சொன்னே, ஆள் மாறசொல்லோ திருகணும்னு. அவன் ஏறசொல்லோ ரெடியா இருக்கட்டும்னு திருகி வெச்சேன்."

"நான் ஏறித் திருகிக்கிறேனே!" என்றார் மோசஸ். "உனக்குந்தான் எறங்கறதுக்கு முன்னாடி லெஃப்டுல பத்து சுத்து திருகி வுட்டுட்டுப் போறேன்."

"எனக்கா? சண்ட போட்டுக்கினு கீறோம், எனக்கு எதுக்கு நீ திருகுறே?"

"நீ மட்டும் எதுக்கு எனக்குத் திருகுனே?"

"சண்ட வேற, இடுப்பு வேற" என்றார் ஏழுமலை.

ஆக, இறங்குகிறவர் பத்து, ஏறுகிறவர் பத்து என்று பத்து இருபதாகியிருக்கிறது. நான் மோசஸுக்கு நூறு வைத்துவிட்டுப் போனால் மறுநாள் ஏழுமலைக்கு நாற்பது. ஏழுமலைக்கு எழுபது வைத்துவிட்டுப் போனால் அன்று மாலையே மோசஸுக்கு நூற்று முப்பது. யாரைக் குணப்படுத்துகிறேனோ அவருக்குப் பதிலாக இன்னொருவரின் முதுகை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆள் மாறும்போது என்று சொன்னேனே தவிர, ஏறுகிறவரா இறங்குகிறவரா என்று சொல்லவில்லை. முதலாளியிடம் இதைச் சொன்னேன். அவர் ஏழுமலையின் இடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்னிடம் தள்ளியிருந்த டாக்டர் சீட்டைத் திரும்ப வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஏழுமலை மோசஸின் தோளில் கை வைத்தார்.

"இனிமே எனக்கு நல்லது எதுவும் பண்ணாத மாமே, நானும் உனக்குப் பண்ணல."

இத்தனை வருஷத் தொழிலில் நான் கையும் களவுமாகப் பிடித்த ஒரே குற்றவாளி நானே என்பது இவ்வாறு உறுதியானது. திங்கட்கிழமை வந்த புது டிரைவரை, ஸ்பிரிங் சீட் இல்லாத பழைய வேனில் திருவேற்காடு டிரிப்புக்கு அனுப்பினார்கள்.