பொறுமைக்குக் கிரேக்கத்தில்

எங்கள் வீட்டில் எந்த வாக்குவாதமும் நீண்டதில்லை. "மூலத்துல அப்படி இல்ல கண்ணு" என்பார் என் கணவர். அதோடு பேச்சு முடிந்தது. அவர் சபைப் போதகர். இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் எபிரேயமும் படித்தவர். நான் தமிழ் வேதாகமத்தைக் காட்டி ஏதாவது சொன்னால், அதற்கு அடியில் இன்னொரு மொழி இருக்கிறது என்பார். அவர் கத்தவே மாட்டார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கண்ணு என்று கூப்பிடுகிறவரிடம் எப்படிக் கத்துவது?

அந்த மொழியில் கொஞ்சம் என்னிடமும் இருந்ததை அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் அவருக்குக் கிரேக்கப் பரீட்சை. வினைச்சொற்களை அட்டைகளில் எழுதி என் கையில் கொடுத்து, கேள்வி கேட்கச் சொல்வார். கேட்டுக் கேட்டு எழுத்துகள் எனக்கும் பழகிப்போயின. இறந்தகாலத்தில் ஒரு சொல் எங்கே மாறும் என்பதும் பிடிபட்டது. அவர் பரீட்சை எழுதினார், நான் எழுதவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு ஊர் ஊராக மாற்றல். பவானியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. பிள்ளைகளின் பெயர்கள் மனதில் நிற்பதற்குள் பெட்டி கட்டினோம். கருமத்தம்பட்டியிலும் அதே கதை. தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூருக்கு வந்தோம். போதகருக்குச் சபை தருகிற வீட்டைக் குருமனை என்பார்கள். எங்களுடையது ஆலய வளாகத்துக்குள்ளேயே இருந்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே ஆலய வாசல். மூடினால், "பாஸ்டரம்மாவுக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று யாராவது உள்ளேயே வந்துவிடுவார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லாததற்கு ஆளாளுக்கு ஒரு ஜெபம் வைத்திருந்தார்கள். எனக்கு மூச்சு முட்டியது. இங்கேயும் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. காலையில் அதற்கு பஸ் ஏறினால்தான் நான் நானாக இருந்தேன். அந்த வேலையை ஜூனில் நிரந்தரமாக்குவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். ஏப்ரலில் அவருக்கு ஆனைமலைப் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது.

"நான் இங்கயே லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்கட்டுங்களா? லீவுக்கு லீவு வாரேனுங்க" என்று கேட்டேன். அவர் வீட்டில் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் நின்று சொன்னார்.

அன்றைய தலைப்பு பொறுமை. கிரேக்கத்தில் அது இரண்டு சொற்கள் சேர்ந்தது என்றார். ‘ஹுப்போ’ என்றால் கீழே. ‘மொனே’ என்றால் தங்குவது. பாரத்துக்குக் கீழே நகராமல் தங்கியிருப்பதே ‘ஹுப்பொமொனே’, பொறுமை. எபிரேயத்துக்கும் ஒரு நடை போய்வந்தார். காத்திருத்தல் என்ற சொல்லுக்குள் அங்கே கயிறு முறுக்குவது இருக்கிறதாம். முறுக்க முறுக்கப் பலமாம். மில் வேலைக்காரர்கள் நிறைந்த சபை அது, நூல் முறுக்குவது தெரிந்தவர்கள். தலையாட்டி ரசித்தார்கள். முன் பெஞ்சில் இருந்த எனக்கு, கயிறு என்றால் கட்டிப்போடத்தான் என்று தோன்றியது. வெளியே வந்ததும் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தன படிச்சவரு ஊட்டுக்காரரா வாய்க்கறதுக்கு நீங்க குடுத்து வெச்சிருக்கோணும் பாஸ்டரம்மா." பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மே மாதம், நாங்கள் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, சபைப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. இயேசு பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் தங்கிவிட்ட கதையை அவர் எடுத்திருந்தார். காலையில் சவரம் செய்துகொண்டே, "கிரேக்கத்த நீ படி கண்ணு, நான் தமிழ்ல சொல்லிப் பாக்கறேன்" என்றார். படித்தேன். பண்டிகை முடிகிறது, பெற்றோர் ஊருக்குக் கிளம்புகிறார்கள், பையன் மட்டும் எருசலேமிலே ‘ஹுப்பெமெய்னென்’. அங்கே நிறுத்திவிட்டேன். இறந்தகாலத்துக்காக நடுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. ஆள் அதே ஆள்தான்.

"ஏனுங்க, இது உங்க பொறுமை தானுங்களே?"

"ஆமா, அதோட வினைச்சொல்."

"தமிழ்ல என்னன்னு போட்டிருக்குதுங்க?"

"இருந்துவிட்டார்னு."

"அப்ப, எல்லாரும் கெளம்புனதுக்கப்பறம் போகாம நிக்கறதுக்கும் இதே சொல்லு தானுங்க. அந்தப் பையன் எந்தப் பாரத்தையும் சொமக்கலீங்க. புடிச்ச எடத்துல இருந்துபோட்டாரு. என்னைய மட்டும் எதுக்குங்க கீழ தங்கச் சொல்றீங்க?"

சவரக்கத்தி கன்னத்திலேயே நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பதில் யோசித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நல்லாத்தான் புடிச்சிருக்கற கண்ணு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் படி." அவர் விரல் வைத்த இடத்தில், பெற்றோர் தேடி வந்ததும் பையன் அவர்களோடு ஊருக்குப் போய்க் கீழ்ப்படிந்திருந்தான் என்று இருந்தது. ‘ஹுப்பொதஸ்ஸொமெனொஸ்.’ "இதுலயும் ஹுப்போ வருதா? பொண்டாட்டி புருசனுக்குக் கீழ்ப்படியோணும்ங்கற எடத்துலயும் இதே சொல்லுதான்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திறந்த கதவு அதே பக்கத்திலேயே சாத்திக்கொண்டது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போது அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. மதியங்களில் அந்தக் கிரேக்கப் புத்தகத்தை எடுத்து வேறு இடம் ஏதாவது அகப்படுமா என்று தேடினேன். ஒரு சொல்லுக்கு நாலு அர்த்தம் இருந்தால், பையனுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாகப் பிரித்துக் கொடுப்பவர் அவர். நான் எதைக் கண்டுபிடித்துக்கொண்டு போனாலும் அவரிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அது புரிந்த மதியம் புத்தகத்தை மூடி, அவருடைய பெட்டியிலேயே வைத்துக் கட்டினேன். மறுநாள் போய் ஹாஸ்டலில் இடம் சொல்லிவைத்தேன்.

கிளம்புகிற காலையில் சபையே வாசலில் கூடியிருந்தது. கட்டிலையும் பீரோவையும் லாரியில் ஏற்றியாகிவிட்டது. ஜெபம் முடிந்ததும் அவர் லாரியின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறு கண்ணு" என்றார்.

"நான் வரலீங்க."

அவர் முகத்தில் சபைக்கான சிரிப்பு அப்படியே இருந்தது. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பையனே கூடப் போனாரு. படிச்சியல்ல?"

"அவருக்குப் பன்னெண்டு வயசுங்க" என்றேன். "எனக்கு முப்பத்தொண்ணு."

எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். அந்தச் சிரிப்பு போயிருந்தது, கோபமும் இல்லை. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் ஏறவில்லை.