வாடகைப் புறாக்கள்

எங்கள் ஊரில் சுதந்திரம் வருடத்துக்கு ஒருமுறை, அமைச்சரின் கையிலிருந்து, வெள்ளை வெளேரென்று பறந்து போகும். மக்கள் கை தட்டுவார்கள். கை தட்டி முடித்து அவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தச் சுதந்திரம் என் அக்கா வீட்டு மொட்டைமாடியில் இறங்கி, சோளம் தின்று, தண்ணீர் குடித்து, கூண்டுக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம், கட்சியை எதிர்த்துக் கூட்டம், எதுவானாலும் ஊர் உட்கார்வது மாமாவின் நாற்காலியில்தான். அவருக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "இருக்கு" என்று சொல்லிவிடுவார். பிறகுதான் தேடுவார். இல்லை என்ற சொல்லை அவர் வீட்டுக்குள் மட்டுமே பயன்படுத்துவார், அதுவும் அக்காவிடம் மட்டும்.

ஒரு வருடம் சுதந்திர தின விழாவுக்கு நாற்காலி சொல்ல வந்த விழா அதிகாரி, போகிற போக்கில், "வெள்ளைப் புறா கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டார்.

"இருக்கு சார்," என்றார் மாமா. வீட்டில் ஒரு காக்கா இறகுகூடக் கிடையாது.

சந்தையில் அலைந்து ஒரு கூடை புறா வாங்கி வந்தார். விற்றவன் இறக்கையை வெட்டித்தான் விற்றிருந்தான். மாமா அதைப் பார்க்கவில்லை, பார்க்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. அமைச்சர் மேடையில் நின்று, "பறந்து செல்லுங்கள்!" என்று கையை விரித்தார். புறாக்கள் தொப்பென்று விழுந்தன. எழுந்து, இறகை உதறிக்கொண்டு, சிவப்புக் கம்பளத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து வாசல் பக்கம் போயின. வாத்தியக் குழு வாசிப்பதை நிறுத்தவில்லை. எங்கள் நாட்டுச் சுதந்திரம் நடந்தே வெளியேறியதை நானே என் கண்ணால் பார்த்தேன்.

அன்று மாலை மாமா கூடையை அக்காவின் முன்னால் போட்டு, "சமைச்சிடு," என்றார்.

அக்கா சமைக்கவில்லை. அவள் அப்படித்தான். கத்த மாட்டாள், அழ மாட்டாள், சொன்னதைச் செய்யாமல் இருந்துவிடுவாள். நாற்காலி உறை தைப்பது, கிழிந்த உறையை ஒட்டுப்போடுவது, சாம்பார்க் கறையோ ரத்தக் கறையோ என்று பார்த்து வெளுப்பது, இதெல்லாம் அவள் வேலை. அதோடு இந்த வேலையையும் சேர்த்துக்கொண்டாள். மொட்டைமாடியில் கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கிக் கம்பி வலை சுற்றினாள், கூண்டு ஆயிற்று. பழைய பிஸ்கட் டப்பாவில் சோளத்தைப் போட்டுக் கலகலவென்று ஆட்டினாள், அதுவே சாப்பாட்டு மணி ஆயிற்று. இறக்கை முளைத்ததும் புறாக்கள் பறந்தன. டப்பா சத்தம் கேட்டதும் திரும்பி வந்தன. ஒன்றுக்குச் சோம்பேறி என்று பெயர். ஒன்று மேனாமினுக்கி. எப்போதும் முதலில் இறங்கி முதலில் தின்று மற்றதைக் கொத்துகிற ஒன்றுக்கு அவள் வைத்த பெயர் அமைச்சர்.

திரும்பி வருகிற புறா என்று கேள்விப்பட்டதும் விழா அதிகாரிக்குத் தலை கால் புரியவில்லை. "அப்போ ஒவ்வொரு வருஷமும் புதுசா வாங்க வேண்டாமே!" என்றார். அதிலிருந்து எங்கள் ஊரில் சுதந்திரம் வாடகைக்குத்தான். நாற்காலியோடு போகும், நாற்காலிக்கு முன்னால் திரும்பி வந்துவிடும்.

மாமாவுக்கு வந்த மவுசைச் சொல்ல வேண்டுமே! விழா நாளில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி மேடைக்குப் பக்கத்தில் நிற்பார். "எல்லாம் நம்ம ட்ரெயினிங் சார்," என்பார். அமைச்சரோடு அவர் நிற்கிற படம் கடையில் மாட்டியிருக்கிறது. புறாப் பராமரிப்பு பற்றி உள்ளூர் வானொலியில்கூடப் பேசினார். பேசப் போவதற்கு முன் அக்காவிடம், "அதுங்க என்னடி திங்கும்?" என்று கேட்டுக்கொண்டுதான் போனார்.

விழா நடக்கிற நேரம் அக்கா மாடியில் இருப்பாள். ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் அவள் மாடியில்தான் இருந்தாக வேண்டும். யாராவது டப்பா ஆட்டினால்தானே சுதந்திரம் பத்திரமாக இறங்கும்? ஊரே மைதானத்தில் இருக்க, அவள் மட்டும் துணிக்கொடிக்குக் கீழே, கையில் டப்பாவோடு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு வருடம், விழாவுக்கு முந்தைய நாள், நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நாளைக்கு நானும் வரட்டுமா?"

"எங்க?"

"மைதானத்துக்கு. அதுங்க பறக்கும்போது எல்லாரும் கை தட்டுவாங்களாமே. ஒரே ஒரு தடவை அந்தச் சத்தத்தை அங்க இருந்து கேக்கணும்."

"இல்லை. அதுங்கள யாரு இறக்குறது?"

"பசிச்சா தானா வரும். இத்தனை வருஷத்துல வீடு தெரியாதா அதுங்களுக்கு? நான் வளத்ததுங்க. ஊரே கை தட்டுது, நான் மட்டும் கேட்டதில்லை."

மாமா குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அக்கா வரா மாமா. நான் கூட்டிட்டு வரேன்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயமாக இருந்தது. ஆனால் அக்கா சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு பேரிடம் சண்டை போடலாம்.

அந்த வருடம் விழாவில் ஒரு புதுமை. கூட்டம் கடைசிவரை உட்காருவதில்லை என்று மேலிடத்தில் வருத்தமாம். அதனால் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்திருந்தார்கள். மேலே கொடிப் படம், உள்ளே உருண்டை மிட்டாய். தேசப்பற்று பெருகிவிட்டது. ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை.

அக்கா பொதுமக்கள் வரிசையில், தன் கையால் தைத்த உறையின் மேல் உட்கார்ந்தாள். தையல் பிரிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். பேச்சு, அதற்குப் பிறகு பேச்சு, அதற்கும் பிறகு பேச்சு. கடைசியில் அமைச்சர் கூடையைத் திறந்து, "செல்லுங்கள்! எல்லையற்ற வானம் உங்களுடையது!" என்றார்.

வெள்ளையாக எழும்பின. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டேய், அமைச்சர் முன்னாடி போறான் பாரு," என்றாள். அப்போது மைதானம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது.

கையில் மிட்டாய்ப் பெட்டியை வைத்துக்கொண்டே தட்டியது.

கலகலகலவென்று ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான டப்பாக்கள் ஆடினால் ஒரு புறா என்ன நினைக்கும்? இவ்வளவு பெரிய விருந்தை அதுகள் பிறவியிலேயே பார்த்ததில்லை. பாதி வானத்தில் அப்படியே திரும்பின. ஒன்று ராணுவத் தொப்பியில் உட்கார்ந்தது. ஒன்று மைக்கில். சோம்பேறி, வாத்தியக்காரரின் முரசின் மேல் இறங்கி அங்கேயே படுத்துக்கொண்டது. எங்கள் வீட்டு அமைச்சர், நாட்டு அமைச்சரின் மேசைக்குப் போய், தண்ணீர் டம்ளரில் வாயை வைத்துவிட்டது. மாமா கையை விரித்துக்கொண்டு துரத்தினார். கூடைக்குள் திணிக்கிற மனுஷன் என்றுதானே அதுகளுக்கு அவரைத் தெரியும்? பிய்த்துக்கொண்டு ஓடின. விழா அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை, புறாதான் ஆடியது.

அக்கா எழுந்து, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, மைதானத்தின் நடுவில் போய் நின்றாள். "கொஞ்சம் எல்லாரும் சும்மா இருங்களேன்," என்றாள். என்னவோ தெரியவில்லை, ஊர் சும்மா இருந்தது. அவள் மட்டும் பெட்டியை ஆட்டினாள். எல்லாம் வந்து அவள் தோளில், கையில், தலையில் உட்கார்ந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் விட்டாள். மறுபடி கைத்தட்டல், போன தடவையைவிடப் பலமாக. அமைச்சர் விடுவாரா? "பார்த்தீர்களா! சுதந்திரம் கொடுத்தாலும் நம்மைவிட்டுப் போக மனமில்லை!" என்று அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மாமா கத்திய கத்தலை எழுதப்போவதில்லை. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் காதில் இன்னும் கைத்தட்டல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த விழா நெருங்கும்போது விழா அதிகாரி வீட்டுக்கே வந்தார். விசாரணைக் குழு போட்டார்களாம். குழு ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாம்.

"மிட்டாய்ப் பெட்டியா சார்?" என்று கேட்டேன்.

"சேச்சே. மிட்டாய் இல்லைன்னா கூட்டம் எப்படி வரும்? காரணம் அது இல்லை தம்பி." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வளத்தவங்க அங்க இருந்ததுதான். அவங்கள பாத்துதான் புறா இறங்கியிருக்கு. அதனால இந்த வருஷம் அம்மா விழா முடியற வரைக்கும் வீட்டை விட்டு வெளிய வரக்கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க, பாதுகாப்புக்கு வாசல்ல ஒரு போலீஸ்காரர் இருப்பார்."

"சுதந்திர தினத்தன்னைக்கா?" என்றேன்.

"அன்னைக்கு மட்டும்தான்," என்றார் பெருந்தன்மையாக. பிறகு மாமாவைப் பார்த்தார். "வீட்டம்மா வீட்டுல இருப்பாங்க இல்ல?"

"இருப்பா சார்," என்றார் மாமா. வாடிக்கையாளர் கேட்டு அவர் என்றைக்கு இல்லை என்றிருக்கிறார்?

அக்கா, அதிகாரி பாதி குடித்திருந்த டீயை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே போனேன். டம்ளரைத் தேய்த்துக்கொண்டே, "கை தட்டுறதைக் கேட்டது ஒரு குத்தமாடா?" என்றாள்.

விழா நாள் காலையில் போலீஸ்காரர் வந்தார். நல்ல மனுஷன், பாவம், விடியற்காலையிலேயே கிளம்பி வந்தவர். வாசலில் மாமாவின் நாற்காலியிலேயே உட்காரவைத்தோம். மாமா வெள்ளை உடுப்பும் கூடையுமாகப் போனார். கொஞ்ச நேரத்தில் அக்கா டப்பாவோடு வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, கை வலிக்குது. புறா இறங்கற நேரம். இறங்காம எங்கயாவது போயிடுச்சுன்னா உங்க மேலதான் வரும். கொஞ்சம் மாடிக்குப் போய் இதை ஆட்டறீங்களா?"

"எவ்வளவு நேரம்மா?"

"சொல்ற வரைக்கும்."

உங்க மேலதான் வரும் என்று சொன்னால் போதும், எந்தச் சிப்பாயும் எந்த மாடிக்கும் ஏறுவான். மேலே டப்பா ஆடத் தொடங்கியதும் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கிளம்பினோம்.

மைதானத்துக்குள் போகவில்லை. எதிரே சாலையைத் தாண்டும் நடைபாலத்தின் மேல் நின்றோம். அங்கிருந்து மேடை தெரியும், ஒலிபெருக்கி நன்றாகவே கேட்கும். "இன்று நம் நாட்டில் அடைபட்டவர் எவரும் இல்லை!" என்று அமைச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடை திறந்தது. வெள்ளையாக எழும்பின. ஊர் கை தட்டியது, பெட்டியோடுதான். அக்காவும் தட்டினாள், வெறுங்கையால்.

கலகலகல. பாதி வானத்தில் திரும்பின.

மேடையில், மைக்கில், தொப்பியில், எல்லாம் போன வருடம் போலவே. மாமா கையை விரித்துக்கொண்டு ஓடினார். வழுக்கி விழுந்தார். எழுந்து ஓடினார்.

"மாமா பாவம் அக்கா," என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.

"பாவம்தான். ஓடட்டும்," என்றாள். "அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது, எல்லாம் அடங்கினதும் வீட்டுக்கு வந்துடும்."

அப்போது ஒலிபெருக்கியில் விழா அதிகாரியின் குரல், மூச்சு வாங்க வாங்க: "புறாக்காரர் வீட்டம்மா எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்! எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்!"

பாலத்தில் நின்றவர்கள் எல்லாரும் அக்கம்பக்கம் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கம்பியில் சாய்ந்துகொண்டு, கீழே நடப்பதை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடறாங்கக்கா."

"யாரை?"

"உன்னைத்தான்."

"நான் எப்படிடா வருவேன்?" என்றாள். "நான் வீட்டுல இருக்கேன். வாசல்ல போலீஸ் வேற."

மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் அவள் வீட்டில்தான் இருந்தாள். பிறகு வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டு, கடைத்தெருவைச் சுற்றி, கதவு மூடிய கடைகளையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினோம். வீடு இருக்கும் தெருவுக்குள் நுழையும்போதே மாடியிலிருந்து சத்தம் கேட்டது. போலீஸ்காரர் வியர்த்து வழிய இன்னும் டப்பாவை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு புறாவும் வந்திருக்கவில்லை.

"இன்னுமா ஆட்டறீங்க?" என்றாள் அக்கா.

"யாரும் நிறுத்தச் சொல்லலையேம்மா."

அக்கா அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கிக் கீழே வைத்தாள். "போதும் தம்பி, நீங்க உக்காருங்க," என்று சொல்லிவிட்டு அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.