ஷோகேஸில் வைத்த சிரிப்பு

செல்வி, முத்து, ரெண்டு பேரும் செல்போனை வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களையெல்லாம் படம் பிடிக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான். எது சரி என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

சாயல்குடியில் ஸ்டூடியோ போட்ட நாள் முதல் கல்யாணமும் பாஸ்போர்ட் சைஸும்தான் எடுத்தேன். "நிமிந்து பாருங்க, லேசா சிரிங்க" என்று சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் ஒரு முகத்தை எடுக்க ஆசைப்பட்டு, ஒருநாள் வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போனேன். தொலைவில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸைப் போட்டுத் தூரத்தில் நின்றேன். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண், பக்கத்தில் இருந்தவள் என்னவோ சொன்னதற்கு, உப்பு வாரும் பலகையில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். எடுத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது.

நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். இருபதுக்கு முப்பது அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, பிரேம் அடித்து, ரோட்டைப் பார்த்த ஷோகேஸில் வைத்தேன். ராமநாதபுரத்தில் நடக்கவிருந்த படக் கண்காட்சிக்கும் அனுப்ப எண்ணம்.

ஒன்றை யோசிக்கவில்லை. நம் பக்கம் ஒற்றை ஆளை அத்தனை பெரிதாகப் பிரேம் போடுவது செத்த பிறகுதான். அந்த வேலையை நானே எத்தனையோ வீட்டுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பெண்ணே வந்து நின்றாள். பெயர் பஞ்சவர்ணமாம். பக்கத்தில் சிக்கல் என்கிற ஊரில் இருக்கிற அவள் அண்ணன் பஸ்ஸில் போகும்போது படத்தைப் பார்த்திருக்கிறார். போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. போன் வீட்டில், இவள் உப்பளத்தில். மாலை வாங்கிக்கொண்டு அழுதபடியே அவள் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"வேலை முடிஞ்சு வாரேன், வாசல்ல கூட்டம். எங்கண்ணன் மாலைய எங்கிட்டக் குடுக்கவும் மாட்டாம, கீழ வைக்கவும் மாட்டாம நிக்கிறாரு. உசுரோட இருக்கவளுக்கு எதுக்குண்ணே இம்புட்டுப் பெரிய படம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. ஷோகேஸ் பக்கம் போய் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"கேட்டா இந்தச் சிரிப்பு வராது தாயி."

"வராதுதான். வாயப் பொத்திருப்பேன். பொத்துறதும் பொத்தாததும் என் இஷ்டம்லண்ணே."

படத்தை இறக்கி அவளிடமே நீட்டினேன். வீட்டில் மாட்டினால் அண்ணன் மறுபடி மாலையோடு வருவார் என்றாள். கண்காட்சிக்கும் கூடாது என்றாள். சரி, கிழித்துவிடவா என்று கேட்டதற்குச் சட்டென்று பிரேமைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிக்காதீக. நல்லாத்தான் இருக்கு. நான் போய்ச் சேந்த பெறகு எங்கண்ணன் வந்து கேட்டா குடுங்க."

அன்றிலிருந்து யாரை எடுத்தாலும் உடனே போய்க் காட்டுகிறேன். அழிக்கச் சொன்னால் அழிக்கிறேன். அழித்த பிறகு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அது தப்பா, சரியா, தெரியவில்லை.

அன்று அவள் வீட்டுக்குக் கிளம்பியதும் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டைமரைப் போட்டு, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கப் பார்த்தேன். பன்னிரண்டு தடவை எடுத்தேன். எல்லாவற்றிலும் வாய் மூடித்தான் இருக்கிறது.