எடைக்கு எடை கருப்பட்டி

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் அக்கா வீட்டில் தங்கி, துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் வேலை பார்த்தேன். அரிசிக்கு ரேஷன் வந்திருந்தது. தெருவில் எல்லோருக்கும் கன்னம் ஒட்டிப்போயிருக்க, என் உடம்பு மட்டும் அப்படியே இருந்தது. சிறு வயதிலிருந்தே நான் பருத்த ஆள். அந்த வீட்டில் குறைவாகச் சாப்பிட்டவன் நான்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"அண்ணாச்சிக்கு மட்டும் எந்தக் கடையில அளக்காவ?" என்று ரேஷன் வரிசையில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். பிறகு அந்த வரிசைக்கே போகவில்லை.

அத்தான் உடன்குடிக் கருப்பட்டியை மொத்தமாக வாங்கி விற்பவர். பனையோலையில் கட்டிய சிப்பத்தைத் தொடாமலே எடை சொல்லுவார். தராசில் வைத்தால் அதுவாகவே இருக்கும். கடைத்தெருவில் அவர் கண்ணுக்குத் தனி மரியாதை.

எனக்கு நான்கு வயதில் விஷக்காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் என் எடைக்கு எடை கருப்பட்டி தருவதாகத் திருச்செந்தூருக்கு அம்மா நேர்ந்திருந்தாள். செலுத்தாமலே கண்ணை மூடிவிட்டாள். அந்த வருஷம் அக்காவுக்கு அது நினைவு வந்தது.

"நாலு வயசுலயே குடுத்திருந்தா ஒரு சிப்பத்தோட முடிஞ்சிருக்கும்," என்றார் அத்தான். "இப்பம் கடையவே தூக்கிட்டுப் போணும். ஏலே மாப்ளே, ஆவணி வரைக்கும் வயித்தக் கட்டு. பொறவு போவோம்."

கேலிதான். ஆனால் மறுநாளே என் தட்டில் சோறு குறைந்தது. ஒரு கரண்டி வைத்ததும் அக்கா அத்தான் முகத்தைப் பார்ப்பாள். பிறகு என்னிடம், "போதும்லா?" என்பாள். நான் தலையை ஆட்டுவேன். கிட்டங்கியில் மத்தியானம் பானைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பேன். சாயங்காலம் வந்தால் அத்தான் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒண்ணும் கொறயலயே" என்பார். அவர் சொன்னது உண்மைதான். என் சட்டையின் மூன்றாவது பொத்தான் சித்திரையில் எப்படிப் பிதுங்கியதோ அப்படியேதான் ஆடியிலும் பிதுங்கியது. பசித்துக்கிடந்தும் இளைக்காத உடம்பின்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே போய்க் காட்டுவது?

ஆவணியில், பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் போனோம். அத்தான் என்னைக் கண்ணாலேயே எடைபோட்டு ஏழு சிப்பம் ஏற்றியிருந்தார்.

கோயிலுக்குள் சட்டையைக் கழற்ற வேண்டும். தராசைவிட எனக்கு அதுதான் பயம். துண்டைப் போர்த்திக்கொண்டேன், அதையும் இடுப்பில் கட்டச் சொன்னார்கள். துலாபாரத் தட்டில் உட்கார்ந்ததும், "சங்கிலி தாங்குமாய்யா?" என்று கூட்டத்தில் ஒரு குரல். கண்ணை மூடிக்கொண்டேன். எதிர்த்தட்டில் சிப்பங்கள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. ஐந்தாவது விழுந்ததும் என் தட்டு தரையைவிட்டு எழும்பியது.

கண்ணைத் திறந்தேன். இரண்டு சிப்பங்கள் ஓரத்தில் மிச்சமாகக் கிடந்தன. அத்தான் தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாத்தியா," என்று அக்காவிடம் சிரித்தார். "வயித்தக் கட்டுனா எளைக்கும்னு சொன்னேம்லா."

வெளியே வந்து சட்டையை மாட்டினேன். மூன்றாவது பொத்தான் அதே இடத்தில், அதே இறுக்கத்தில் பிதுங்கியது. நான் இளைக்கவே இல்லை. சிப்பத்தில் கொஞ்சமும் தவறாத கண், என்னிடத்தில் இரண்டு சிப்பம் தவறியிருந்தது. அப்படியானால் இத்தனை மாதமும் அந்த வீட்டில் அவர்கள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் திரும்பும் வழி நெடுக அத்தான், வயிற்றைக் கட்டச் சொன்ன தம்முடைய யோசனையைப் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா ஒரு கரண்டி வைத்தாள், அத்தானைப் பார்த்தாள்.

"போதும்லா?"

"போடுக்கா," என்றேன்.

அவள் மறுபடியும் அத்தானைப் பார்த்தாள். நான் அவரைப் பார்க்கவில்லை. கரண்டி வரும்வரை தட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.